மாதிரிக் கப்பலும் மெய் வரலாறும்

கரும்புத் தோட்டங்களுக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெயர்பெற்றது நெல்லிக்குப்பம். அவ்வூரிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சிறிது தொலைவில் கடலூர்க் கடற்கரையை அடையலாம். மாலை வேளையில் அங்கு நிற்போர் காண்பது அமைதியான காட்சியே. மீன்பிடி படகுகள் கரை சேர்ந்திருக்கும்; வலைகள் மணலில் உலரும்; அலைகள் ஓயாது வந்து கரையைத் தழுவிச் செல்லும். ஆனால் 1783-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் மாலையில் அக்கடல் அமைதியாக இருக்கவில்லை. ஆங்கிலேயரின் 18 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரரின் 15 போர்க்கப்பல்களும் எதிரெதிரே அணிவகுத்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் பீரங்கிப் போர் புரிந்தன. இருதரப்பிலும் ஏறத்தாழ நூற்றுவர் நூற்றுவராக உயிரிழந்தனர். கடலூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படைக்குத் துணையாக எட்வர்டு ஹியூஸ் என்பவரும், கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுப் படைக்குத் துணையாகச் சுப்ரென் என்பவரும் தத்தம் கப்பற்படையை நடத்தி வந்திருந்தனர்.

அன்று அங்கே மிதந்த பெருங்கலங்களுள் ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. ஹியூஸ் செலுத்திய சூப்பர்ப் என்னும் கப்பல் அதே ஆண்டின் இறுதியில் தலைச்சேரிக்கு அருகே அழிந்தது. சுப்ரெனின் புகழ்பெற்ற கப்பலாகிய எரோ, 1793-ஆம் ஆண்டில் தூலோன் துறைமுகத்தில் தீக்கிரையாயிற்று. மற்றவையும் போரிலோ புயலிலோ முதுமையிலோ மறைந்தன. எனவே, அத்தகைய கப்பலொன்றைக் கண்ணாரக் காண விரும்புவோர்க்கு எஞ்சியுள்ள சிறந்த வழி, அதனை அளவு பிசகாமல் சிறிய உருவில் செய்து பார்ப்பதேயாகும்.

பாய்மரமும் பாயும் பீரங்கியும் பொருத்திய மரத்துண்டு எதுவும் பார்வைக்குக் கப்பல் போலவே தோன்றும். சிறுவர் விளையாடுவதற்கு அது போதும். ஆனால் மாதிரிக் கப்பல் என்பது வேறு. இன்ன கப்பல், இன்ன நாளில், இன்னவாறு இருந்தது என்று அது காண்போர்க்கு அறிவிக்கின்றது. சொல்லால் எழுதிய வரலாற்றில் பொய் புகுந்தால் படிப்போர் ஐயுற்று வினவக்கூடும். மரத்தால் செய்த வரலாற்றில் பொய் புகுந்தால் வினவுவார் அரியர். கண்ணால் கண்டது மனத்தில் ஆழப் பதிந்துவிடும். ஆதலின் மாதிரி செய்பவர், தாம் பொருத்தும் ஒவ்வோர் உறுப்பைக் குறித்தும், “இஃது இவ்வாறு இருந்தது என்பது எவ்வாறு தெரியும்?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இக்கேள்வியே இக்கலைக்கு உயிர்.

முதலில் முடிவு செய்ய வேண்டுவது அளவு வீதம். ஆங்கிலக் கடற்படைக்காகச் செய்யப்பெற்ற பழைய மாதிரிகள் பல, 48-இல் ஒரு பங்கு என்னும் வீதத்தில் அமைந்தவை. அவ்வீதத்தில் கால் அங்குலம் ஓர் அடியைக் குறிக்கும். ஓர் அடிக்கு 12 அங்குலம். ஓர் அங்குலத்திற்கு நான்கு கால் அங்குலம். 12-ஐ 4-ஆல் பெருக்கினால் 48 ஆகும். 55 மீட்டர் நீளமுள்ள கப்பல் இவ்வீதத்தில் ஏறத்தாழ 115 சென்டிமீட்டராகச் சுருங்கும். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மாலுமி மூன்றரைச் சென்டிமீட்டர் உயரப் பொம்மையாவான். பெரியவை சிறியவையாவது போலவே, சிறு பிழைகள் பெரும் பிழைகளாவதும் உண்டு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், உண்மைக் கப்பலில் அஃது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்த் தவறாகும்.

அடுத்து எழுவது, ‘எந்தக் கப்பல்?’ என்பதனோடு நில்லாமல், ‘எந்த நாளில்?’ என்னும் வினா. கப்பல் கற்சிலையன்று, நாள்தோறும் மாறுவது. புயலில் பாய்மரம் முறியும். புதிய மரம் நாட்டப்பெறும். பீரங்கிகள் மாற்றப்பெறும், வண்ணம் புதுப்பிக்கப்பெறும். தூலோனில் 1778-ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பெற்ற எரோ, 1782-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் திருகோணமலைக்கு அருகே நிகழ்ந்த போரில் தன் நடுப் பாய்மரத்தை இழந்தது. அப்போருக்கு முன்னைய எரோவும் பின்னைய எரோவும் பெயரால் ஒன்றே, உருவால் வேறு. ஆண்டைக் குறிக்காமல் ‘எரோவின் மாதிரி’ என்று செய்வது, வயதைக் குறிக்காமல் ஒருவரின் உருவத்தை வரைவது போன்றதாகும்.

கடலூர்ப் போர் இதற்கு மற்றுமொரு சான்று தருகின்றது. சுப்ரெனின் தலைமைக் கப்பல் எரோ என்பது பலரும் அறிந்தது. ஆகவே கடலூர்ப் போரைக் காட்ட விரும்பும் ஒருவர், எரோவின் உச்சியில் தலைவரின் கொடியைப் பறக்க விடுதல் இயல்பு. ஆனால் அது பிழை. 1782-ஆம் ஆண்டு ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு அருகே நிகழ்ந்த போரில், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஒருவர் தம் பெருங்கப்பலோடு ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அதன் பின்னர்ப் பிரெஞ்சு மன்னர், கடற்படைத் தலைவர்கள் போரின்போது அணிவரிசைக்கு வெளியே, விரைந்து செல்லும் சிறிய போர்க்கலமாகிய பிரிகேட்டில் இருந்து ஆணையிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்கிணங்கச் சுப்ரென் கடலூர்ப் போரின்போது கிளியோபாத்ர என்னும் பிரிகேட்டிற்கு மாறிச் சென்றார். ஒரு கொடியை எங்கே நாட்டுவது என்னும் சிறு செய்தி, ஒரு போரின் தோல்வியையும் ஒரு மன்னரின் ஆணையையும் தன்னுள் அடக்கியிருக்கின்றது.

கொடி எங்கே பறந்தது என்பது போலவே, எத்தகைய கொடி பறந்தது என்பதும் ஆராய்வதற்கு உரியது. பிரான்சு என்றவுடன் நீலம், வெண்மை, சிவப்பு ஆகிய மூவண்ணக் கொடியே இன்று நினைவிற்கு வருகின்றது. ஆனால் மூவண்ணம் 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர்த் தோன்றியது. 1783-இல் பிரெஞ்சு மன்னரின் போர்க்கப்பல்கள் ஏந்தியது வெண்கொடி. திருகோணமலைப் போரில் எரோவின் பாய்மரம் கொடியோடு சாய்ந்தபோது, கப்பல் சரணடைந்ததாகப் பகைவர் எண்ணிவிடக் கூடாதென்று, வெண்கொடிகளைக் கொணர்ந்து கப்பலெங்கும் கட்டுமாறு சுப்ரென் முழங்கினார் எனப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் கூறுவர். வெண்கொடி சரணடைதலின் அடையாளம் என்று மட்டும் அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பூட்டும். ஆங்கிலக் கொடியிலும் இவ்வாறே ஒரு நுட்பம் உண்டு. அக்கொடியின் மூலையில் இன்று காணப்பெறும் சாய்ந்த செங்கோடுகள், அயர்லாந்து இணைக்கப்பெற்ற 1801-ஆம் ஆண்டில் சேர்ந்தவை. கடலூர்ப் போரைக் காட்டும் மாதிரியில் அச்செங்கோடுகள் இருந்தால், அஃது 18 ஆண்டுகள் முந்திப் பறக்கும் கொடியாகும்.

நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியையும் மறத்தலாகாது. வெப்பக் கடல்களில் கப்பலின் அடிப்பலகைகளை ஒருவகைக் கடற்புழு துளைத்து அரிக்கும். பாசியும் சிப்பியும் படிந்து கப்பலின் விரைவைக் குறைக்கும். இவற்றைத் தடுக்கக் கப்பலின் அடியைச் செம்புத் தகட்டால் போர்த்தும் முறையை ஆங்கிலக் கடற்படை 1779-ஆம் ஆண்டு முதல் விரைந்து மேற்கொண்டது. சுப்ரெனின் கப்பல்களுள் சிலவே செம்பு போர்த்தவை. ஆகவே அவர் அணியில் ஒரு கப்பல் விரைய, மற்றொன்று பின்தங்குதல் நேர்ந்தது. பளபளக்கும் செம்பு கண்ணுக்கு அழகு என்று எண்ணி எல்லாக் கப்பல்களுக்கும் அதனைப் பூட்டுபவர், போரின் போக்கிற்குக் காரணமாயிருந்த வேறுபாடு ஒன்றையே அழித்துவிடுகின்றார்.

இச்செய்திகளை எங்கிருந்து பெறுவது? சான்றுகள் பலவகை; அவற்றின் வலிமையும் பலவகை. கப்பல் கட்டுவதற்கென வரைந்த வரைபடங்கள் முதல் வரிசையில் நிற்பவை. ஆங்கிலக் கடற்படையின் பழைய வரைபடங்கள் ஏராளமாக இலண்டனை அடுத்த கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காக்கப்பெறுகின்றன. பகைவரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல்களையும் ஆங்கிலேயர் அளந்து வரைந்து வைத்தனர். கப்பலின் நாட்பதிவேடு அடுத்த சான்று. என்று பாய்மரம் முறிந்தது, என்று வண்ணம் பூசினர் என்பனவற்றை அது கூறும். ஓவியம் மூன்றாம் வரிசையது. போரை நேரில் காணாத ஓவியர், பல ஆண்டுகள் கழித்து, பொருள் கொடுப்பவர் மகிழும்படி வரைந்த படங்கள் பல. அவற்றில் அலையின் சீற்றம் உண்மையாக இருக்கலாம். பீரங்கிச் சாளரங்களின் எண்ணிக்கை உண்மையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிரெஞ்சு அறிஞர் ழான் பூத்ரியோ, 74 பீரங்கிகள் தாங்கிய கப்பலைப் பற்றி நான்கு தொகுதிகளாக விரிவான நூல் எழுதினார். அவ்வகைக் கப்பலை ஆணி முதல் பாய் வரை விளக்கும் அந்நூல், மாதிரி செய்வோர்க்குப் பெருந்துணையாக விளங்குகின்றது.

வரைபடம் கிடைத்துவிட்டால் இடர் தீர்ந்தது என்று எண்ணலாகாது. அதனைப் படிக்கவும் அறிவு வேண்டும். பழைய பிரெஞ்சு வரைபடத்தில் அடி என்று குறித்திருப்பது 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடியோ 30.48 சென்டிமீட்டர். 170 பிரெஞ்சு அடி என்பது 55 மீட்டருக்குச் சற்று மிகுதி. அதனை ஆங்கில அடியாகக் கொண்டால் 52 மீட்டருக்கும் குறையும். 48-இல் ஒரு பங்கு மாதிரியில் இவ்வேறுபாடு ஏழு சென்டிமீட்டர். பீரங்கிகளைக் குண்டின் எடையால் குறிப்பர். அங்கும் பிரெஞ்சு இராத்தல் ஆங்கில இராத்தலைவிடப் பெரிது. பிரெஞ்சுக் கப்பலின் 36 இராத்தல் பீரங்கி எறிந்த குண்டு, ஆங்கிலக் கணக்கில் 38 இராத்தலுக்கும் மேற்பட்டது. கயிற்றின் கதையோ இன்னும் விந்தையானது. அக்காலத்தார் கயிற்றின் பருமனைக் குறுக்களவால் குறிக்கவில்லை, சுற்றளவால் குறித்தனர். 18 அங்குல நங்கூர வடம் என்றால் அதன் சுற்றளவு 18 அங்குலம். குறுக்களவு ஆறு அங்குலத்திற்கும் குறைவு. மாதிரியில் அது மூன்று மில்லிமீட்டர்ப் பருமன் பெறும். சுற்றளவைக் குறுக்களவாகப் பிறழ உணர்ந்தால் ஒன்பதரை மில்லிமீட்டர் வடம் கப்பலின் முகப்பில் மலைப்பாம்பு போல் கிடக்கும்.

பொருளைத் தேர்வதிலும் ஒரு நுண்மை உண்டு. தேக்கால் கட்டிய கப்பலுக்குத் தேக்கே ஏற்ற மரம் என்று தோன்றும். ஆனால் மரத்தின் அளவைச் சுருக்கலாமேயன்றி அதன் வரியைச் சுருக்க இயலாது. தேக்கின் வரி ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், மாதிரியில் அஃது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகல வரி போலக் காட்சியளிக்கும். ஆகவே வரி நுண்ணிய, இழை நெருங்கிய மரத்தையே வல்லுநர் நாடுவர். பாய்த்துணியின் நூலிழையும் இவ்வாறே பருத்துத் தோன்றும். அதனால் பாய்களை விடுத்து, பாய்மரங்களையும், பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளாகிய பருமல்களையும், கயிறுகளையும் மட்டுமே அமைப்போரும் உளர். அதே பொருளால் செய்வது எப்போதும் உண்மையாகாது. அதே தோற்றத்தைத் தருவதே உண்மையை அணுகும் வழி என்பது இதனால் விளங்கும்.

இனி, கப்பலின் வயிற்றைப் பார்க்கலாம். 74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பலின் கீழ்த்தளத்தில் 28 பீரங்கிகள், பக்கத்திற்கு 14-ஆக நின்றன. மேல்தளத்தில் 30, அவை பக்கத்திற்கு 15. எஞ்சிய 16 சிறு பீரங்கிகள் மேலே முன்னும் பின்னும் அமைந்தன. இவற்றை இயக்குவதற்கு ஏறத்தாழ 700 மாந்தர், 55 மீட்டர் நீளமுள்ள அம்மரக்கூட்டிற்குள் உண்டு உறங்கிப் போரிட்டனர். கடலூரில் சுப்ரெனின் கப்பல்களில் ஆள் குறைந்திருந்தமையால், கோட்டையிலிருந்து 1,200 வீரரை வரவழைத்து ஏற்றிக்கொண்டார். பளபளக்கும் பீரங்கி வரிசையை மட்டும் காண்பவர் அழகைக் காண்கின்றார். மூன்றரைச் சென்டிமீட்டர் மனிதர் சிலரை அருகே நிறுத்திக் காண்பவர், தலை நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத அத்தளத்தில் அவர்கள் பட்ட பாட்டையும் உணர்கின்றார்.

மாதிரியில் எதனைச் சேர்ப்பது என்பது போலவே, எதனை விட்டுவிடுவது என்பதும் உண்மையைப் பாதிக்கும். சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்குமிடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து அவற்றைக் கட்டினர். வங்குக்கால் என்னும் விலாக்கட்டைகள் இல்லாமையால், அப்படகுகள் அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. அவற்றைச் செலுத்தியவர் இக்கரையின் மீனவ மக்கள். ஐரோப்பியக் கப்பலின் மாதிரியை அழகுறச் செய்தவர் பலர். அதன் அருகே ஒரு மசூலாப் படகை வைத்தவர் சிலரே. அச்சிறு படகு சேர்ந்தால்தான் இக்கப்பல் இக்கரையில் நின்றது என்னும் உண்மை நிறைவு பெறும்.

கப்பலே எஞ்சியிருந்தால் ஐயம் எதுவும் இராது அன்றோ என்று சிலர் கருதலாம். அதற்கும் ஒரு சான்று நம் நாட்டிலேயே பிறந்தது. பம்பாய்க் கப்பல்துறையில், ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சிக் கப்பற்கலைஞரின் தலைமையில், தேக்கு மரத்தால் கட்டப்பெற்ற பிரிகேட்டு ஒன்று 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் கடலில் இறங்கியது. இலங்கைத் துறைமுகத்தின் பெயரால் டிரிங்கோமலி என்று அதற்குப் பெயரிட்டனர். அதன் வடிவம், 1782-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய எபே என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பின்பற்றியது. அதற்குரிய வரைபடங்களை முதலில் ஜாவா என்னும் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினர். 1812-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால், அமெரிக்கக் கப்பலாகிய கான்ஸ்டிடியூஷன் அதனை வென்று அழித்தது. வரைபடங்களும் அழிந்தன. மீண்டும் வேறு படிகளை அனுப்பிய பின்னரே வேலை நடந்தது. இந்தியத் தேக்கின் உறுதியால் அக்கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் மிதக்கின்றது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் செப்பனிடப்பெற்று, அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது.

எனினும் அக்கப்பலை அளந்து அப்படியே செய்துவிட்டால் 1817-ஆம் ஆண்டுக் கப்பல் கிடைத்துவிடாது. 1845-ஆம் ஆண்டளவில் அதன் பின்புறத்தை வேறு வடிவில் மாற்றியமைத்தனர். பீரங்கிகளை 26-ஆகக் குறைத்தனர். பின்னர் அது பயிற்சிக் கப்பலாயிற்று. 1897-இல் பெயரும் மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய அளவில் புதுப்பிக்கப்பெற்றுப் பழைய பெயரை மீண்டும் பெற்றது. பழைய கோயில் ஒன்றில் முதற் கட்டடம் எது, பிற்காலத் திருப்பணி எது என்று பிரித்தறிவது போல, அக்கப்பலிலும் ஒவ்வோர் உறுப்பின் காலத்தையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. உயிரோடு நிற்கும் சாட்சியும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே.

வண்ணத்தைப் பற்றிய அறிவு காலந்தோறும் திருந்தி வருவதற்கு இரண்டு கப்பல்கள் எடுத்துக்காட்டு. சுவீடன் நாட்டு வாசா என்னும் போர்க்கப்பல் 1628-ஆம் ஆண்டில் தன் முதற் பயணத்திலேயே துறைமுகத்தில் மூழ்கியது. 1961-இல் மேலே தூக்கப்பெற்றது. அதன் சிற்பங்கள் நீலப் பின்னணியில் பொன்னிறம் பெற்றிருந்தன என்று அறிஞர் முதலில் கருதினர். பின்னர், மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, பின்னணி சிவப்பு என்பதும், சிற்பங்கள் பலவகை வண்ணங்களால் ஒளிர்ந்தன என்பதும் தெரியவந்தன. இங்கிலாந்தில் உள்ள விக்டரி என்னும் கப்பலிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது. நெய்வேலியில் மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி தோன்றுகின்றது. அதுபோல, ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய வண்ண அடுக்குகளை ஆராய்ந்து, 1805-ஆம் ஆண்டுப் போரின்போது இருந்த நிறத்தை அறிஞர் தேடினர். நெடுங்காலம் அழுத்தமான மஞ்சள் நிறத்தோடு விளங்கிய அக்கப்பல், 2015-இல் வெளிறிய நிறம் பெற்றது. பழைய நிறத்தில் செய்த மாதிரிகள் அன்றைய அறிவிற்கு ஏற்ப நேர்மையானவையே. ஆனால் உண்மை வெளிப்பட்ட பின்னரும் பழைய நிறத்தையே பற்றி நிற்பது நேர்மையாகாது.

இதுகாறும் கூறியவை சான்றுகள் மிகுந்த கப்பல்கள். சான்றுகள் அரிதாயின் என் செய்வது? தமிழ் மாணவர்க்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம் முதலிய இடங்களை வென்ற செய்தியைத் தஞ்சைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. கலங்கள் பல சென்றன என்பது அதனால் பெறப்படும். ஆனால் அக்கலங்களின் நீளம், பாய்மரங்களின் எண்ணிக்கை, பலகைகளைப் பிணைத்த முறை ஆகியவற்றைக் கல்வெட்டுக் கூறவில்லை. சோழர் போர்க்கலத்தின் வரைபடமோ சிதைவோ கிட்டவில்லை. நாவாய், வங்கம், கலம் முதலிய சொற்கள் இலக்கியத்தில் உள. சொல் வடிவத்தைக் காட்டாது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரு பாய்மரக் கப்பல் உண்டு. அது சோழப் பேரரசுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சாவகத்துப் போரோபுதூர்ச் சிற்பங்களில் அழகிய கப்பல்கள் உள. அவை அந்நாட்டுக் கலங்கள். மும்பைக்கு அருகே எக்சர் என்னுமிடத்து வீரக்கற்களில் துடுப்புகளோடு கூடிய போர்க்கலங்கள் உள. அவை மேலைக் கரையின் கலங்கள்.

இந்நிலையில், சோழர் கப்பல் என்று பெயரிட்டு, ஐரோப்பியக் கப்பலின் உயர்ந்த பின்புறத்தையும் சதுரப் பாய்களையும் பீரங்கிச் சாளரங்களையும் பொருத்தி, பாயில் புலியை எழுதிவிட்டால் அது சோழர் கப்பலாகிவிடாது. பீரங்கிகள் இந்தியக் கடல்களில் கப்பலேறியது சோழர்க்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டே. முன்னோரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்னும் ஆர்வம் நன்றே. ஆயினும், பிறர் கப்பலை எடுத்து முன்னோர்க்கு அணிவிப்பது அவர்தம் கைவண்ணத்தை மறைப்பதாகும். அவர்கள் தம் மரத்தையும் கயிற்றையும் கடலையும் அறிந்து தமக்கென ஒரு முறையில் கலம் செய்தவர்கள்.

சான்று அரிதாயினும் நேர்மையாக முயலலாம் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அஜந்தாக் குகையில் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பெறும் கப்பல் ஓவியம் ஒன்று காணப்பெறுகின்றது. அதனை முதன்மையான ஆதாரமாகக் கொண்டு, தைத்த பலகைகளால் ஆகிய பாய்க்கப்பல் ஒன்றைக் கேரளத் தச்சர்கள் கோவாவில் கட்டினர். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இயற்கைப் பிசினால் இடைவெளிகளை அடைத்தனர். ஓவியத்தில் நீருக்கு மேற்பட்ட பகுதியே தெரியும், வரைபடம் ஏதுமில்லை. ஆதலின் கப்பலின் வடிவம் நீரில் எவ்வாறு இயங்கும் என்பதைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையோடு இணைந்து, மாதிரி கொண்டு சோதித்தனர். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியக் கடற்படை அதற்குக் கௌண்டின்யா என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டது. அஃது அஜந்தா ஓவியக் கப்பலே என்று எவரும் கூறவில்லை. ஓவியத்தையும் மரபையும் அறிவியலையும் கொண்டு இவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்று செய்யப்பெற்றது. ‘இருந்தது’ என்பதற்கும் ‘இருந்திருக்கக்கூடும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறவாமையே அம்முயற்சியின் சிறப்பு.

இதனால் மாதிரி செய்வோர்க்கு ஒரு நல்ல வழக்கம் புலப்படுகின்றது. வேலையைத் தொடங்கும் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்தல் வேண்டும். அதில் மூன்று பகுதிகள் இருத்தல் நலம். வரைபடத்தாலோ அளவாலோ உறுதியானவை முதற்பகுதி. அதே காலத்துப் பிற கப்பல்களைக் கொண்டு உய்த்துணர்ந்தவை இரண்டாம் பகுதி. வேறு வழியின்றிக் கற்பனையால் நிரப்பியவை மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதி நீண்டிருப்பதில் இழுக்கில்லை. அதனை மறைப்பதிலேயே இழுக்கு உண்டு. மாதிரியின் அடியில் வைக்கும் பலகையில் கப்பலின் பெயரோடு ஆண்டையும், அளவு வீதத்தையும், ஊகித்த உறுப்புகளையும் எழுதிவைத்தால், காண்போர் எதனை நம்பலாம், எதனை ஐயுறலாம் என்று தாமே தெளிவர். பின்னாளில் புதிய சான்று கிடைத்தால் எதனை மாற்ற வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

கடலூர்ப் போரின் மாதிரிக்கு அடியில் ‘1783 ஜூன் 20’ என்று எழுதுவதாகக் கொள்வோம். அந்நாளை ஆராய்பவர், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாண்டு ஜனவரியிலேயே முதல்நிலைச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டனர் என்பதைக் கண்டறிவார். செய்தி பாய்க்கப்பலில் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் இக்கடலில் போர் நடந்து முடிந்துவிட்டது. போர் முடிந்த சில நாட்களுக்குள் செய்தி வந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன, ஆனால் மாண்டவர் மீளவில்லை. ஆண்டு குறிக்காத அழகிய பொம்மை இச்செய்தியை ஒருநாளும் உரைக்காது. நாள் குறித்துச் செய்த சிறு கப்பல், காண்போர் உள்ளத்தில் இக்கேள்வியை எழுப்பாமல் விடாது. ஒரு முழ நீளக் கலமாயினும், உண்மையைச் சுமந்து வந்தால் அதுவே பெருங்கலம்.